ஆறு சென்ட் கோரைக்காடு

அவிநாசியிலிருந்து பெருமாநல்லூர் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு லேஅவுட்டில் எங்களுக்கு மூணு மூணு சென்டாக ரெண்டு சைட் இருக்கிறது. ஒட்டினாற்போல் கிடப்பதால் மொத்தம் 6 சென்ட், அதாவது 2613 சதுர அடி. பிள்ளைகள் படிப்புக்கு ஆகும் என்று வாங்கிப் போட்டது. கொங்கு நாட்டில் பாதிப் பேர் வீட்டு பீரோவில் இப்படி ஒரு பத்திரம் படுத்திருக்கும். கல் நட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு வந்ததோடு சரி. ஒன்பது வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கிழக்குப் பக்கத்து சைட்டில் வீடு கட்டிக் குடிவந்தவர் ஒருநாள் போன் செய்தார். "ஏனுங்க, உங்க சைட்டுல இருந்து பாம்பு வருதுங்க. சின்னப் புள்ளைங்க இருக்கற ஊடு. கொஞ்சம் சுத்தம் பண்ணி உட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க." திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவ்வளவு மரியாதையாகக் கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது.

அது 2022 மாசி. அங்கே இப்போது காய்கறித் தோட்டம் இருக்கிறது. இடையில் என்ன செய்தோம், எது வேலைக்கு ஆனது, எதில் காசையும் முதுகையும் தொலைத்தோம் என்று நோட்டில் குறித்து வந்திருக்கிறேன். நான் பார்ப்பது பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் ராத்திரி ஆகிவிடும். ஞாயிறு மட்டும்தான் கைக்குக் கிடைக்கும். இந்தத் தோட்டம் ஞாயிற்றுக்கிழமைகளால் ஆனது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். முழுநேர விவசாயிக்கு இதில் பாதி சிரிப்பாக இருக்கும்.

போய்ப் பார்த்தபோது

கல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மேற்கே நாலு சீமைக்கருவேல், ஆள் உயரத்துக்கு மேலே. நடுவில் இடுப்பளவு பார்த்தீனியம், பூவோடு. அங்கங்கே எருக்கு, ஆவாரை, துத்தி. கிழக்கு ஓரத்தில், வீடு கட்டும்போது கொட்டிய இடிசல்: உடைந்த செங்கல், பூச்சுக் கலவை, மழையில் நனைந்து கல்லாகிப்போன ரெண்டு சிமெண்ட் மூட்டை. கீழே என்ன புல் இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் குனிந்து பார்க்கவில்லை. அந்த ஒரு குனியல் ஒரு வருஷத்தை மிச்சம் பிடித்திருக்கும்.

பாம்பு பயம் இருந்ததால் ஒரே பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு போனோம். வீடு இருக்கும் கிழக்கே தொடங்கி, தரையைக் கம்பால் தட்டித் தட்டி, மேற்கே திறந்த காட்டுப் பக்கம் வழிவிட்டு நகர்ந்தோம். நாலு பக்கமும் சூழ்ந்து வெட்டினால் உள்ளே இருப்பது எங்கே போகும்? ஒரு சாரை எங்கள் கண்முன்னால் ரோட்டைத் தாண்டிப் போனது. ஒரு பாம்புச் சட்டையும் கிடைத்தது. முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தும் அன்றைக்குக் கால் கொஞ்சம் கூசிக்கொண்டேதான் இருந்தது.

சீமைக்கருவேலைத் தரையோடு வெட்டினால் ஒன்று நாலாகத் துளிர்த்துவிடும். துளிர் கிளம்பும் கட்டை மண்ணுக்குள்ளே, மேல்வேர் பிரியும் இடத்தில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு அடிக்கு மேல் தோண்டி அந்தக் கட்டையோடு எடுத்தால்தான் தீரும். நாலு மரத்துக்கு ரெண்டு ஆள், ஒரு முழு நாள். கூலியில் கை வைக்கலாமே என்று ஒரு மரத்தை மட்டும் தரையோடு வெட்டி, சுண்ணாம்பு பூசி விட்டேன். அது இப்போதும் வருஷத்துக்கு ரெண்டு தரம் முள்ளை நீட்டி என்னை விசாரிக்கிறது.

பார்த்தீனியம் வேறு ரகம். அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவில் 1950-களில் புனே பக்கம் கவனிக்கப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை தள்ளும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொட்டால் சிலருக்குத் தோல் தடித்துவிடும். என் மச்சானுக்கு ரெண்டு வாரம் கையெல்லாம் அரிப்பு. பூக்கும் முன்னால் பிடுங்கினால் அது நல்ல தழை, குப்பைக்குழியில் போட்டு மக்க வைக்கலாம். நாங்கள் போனது பூத்த பிறகு. வேறு வழியில்லாமல் காய வைத்துக் கொளுத்தினோம். லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பைக் கரைத்து அடித்தால் பார்த்தீனியம் கருகிவிடும் என்பது உண்மைதான், ரோட்டோரத்துக்கும் தரிசுக்கும் அது பரிந்துரைக்கப்படும் முறை. காய்கறி போடப்போகிற மண்ணில் உப்பைக் கொட்டுவது சரிப்படாது என்று விட்டுவிட்டோம்.

மெஷின் விட்ட கதை

மேலே எல்லாம் வெட்டி, கொளுத்தி, பார்க்கவே மைதானம் மாதிரி ஆனதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். டிராக்டர்காரரும் "அரை மணி நேரம்ங்க" என்றார்.

லேஅவுட்டுக்குத் தெற்கே ஒரு தோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் சைட் ஆகாமல் மிச்சம் நிற்பது அது ஒன்றுதான். அங்கே ஒரு ஆத்தா இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். ரெண்டு மாடு, ஒரு கிணறு, சாளையை (தோட்டத்து வீடு) சுற்றி நாலு தென்னை. டிராக்டர் சத்தம் கேட்டு வேலியோரம் வந்து நின்று, ஒரு பிடி மண்ணை எடுத்து உதறிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, கோரைய வெதைக்கறதுக்கா டிராக்டரு?"

எனக்குப் புரியவில்லை. "களை எடுக்கறதுக்குங்க ஆத்தா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மண்ணை கையிலிருந்து தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் ஓட்டி முடித்தாயிற்று. மண் மாவாக இருந்தது. சித்திரையில் ஒரு கோடை மழை நல்ல மழையாகப் பெய்தது. பத்து நாள் கழித்துப் போனபோது சைட் முழுக்கப் பச்சைக் கம்பளம். நாற்றங்கால் மாதிரி, ஒரு சாண் இடைவெளி கூட விடாமல், பளபளவென்று கோரை. முன்னால் திட்டுத்திட்டாக, பார்த்தீனிய நிழலில் நோஞ்சானாகக் கிடந்தது இப்போது 6 சென்டிலும் சமமாக நின்றது.

கோரை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மற்ற களையெல்லாம் ஒரு வேலை. கோரை மட்டும் நம்மை வைத்துத் தன் வேலையைச் செய்துகொள்ளும்.

ஒரு கோரையை மெதுவாக, ஈரமண்ணில், விரலால் மண்ணைத் தள்ளித் தள்ளித் தொடர்ந்து போய்ப் பாருங்கள். மூணு பட்டை உள்ள தண்டு, கீழே கொஞ்சம் பருத்த அடி. அதிலிருந்து ஒரு வெள்ளை நூல் பக்கவாட்டில் ஓடும். ரெண்டு மூணு அங்குலத்தில் ஒரு கிழங்கு, சுண்டைக்காய் அளவு, கறுப்பாக, மேலே முடி முடியாக. அதோடு முடியாது. கிழங்கின் அந்தப் பக்கம் மறுபடி நூல், மறுபடி கிழங்கு. இளசாக இருக்கும்போது வெள்ளையாக இருக்கும் இந்த நூல் முற்றினால் கறுத்துக் கம்பி மாதிரி ஆகிவிடும். ஒரே இழுப்பில் ஏழு கிழங்கு கோத்த சரம் ஒன்று என் கைக்கு வந்தது. கிழங்கை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, கற்பூரமும் மண்ணும் கலந்த ஒரு வாசனை.

சரமாக இருக்கும்வரை நுனிக் கிழங்குதான் முளைக்கும், பின்னால் இருப்பவை பெரும்பாலும் தூங்கும். சரத்தை அறுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே விழித்துக்கொள்ளும். ரோட்டவேட்டர் செய்தது இதைத்தான். ஏழு கிழங்குச் சரத்தை ஏழு விதையாக்கி, சைட் முழுக்கச் சீராகத் தூவிக் கொடுத்தது. ஆத்தா கேட்டது கேலி இல்லை. நடக்கப்போவதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு யோசனை. மருந்துக் கடைக்காரர் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை எடுத்து நீட்டினார். பக்கத்தில் குழந்தைகள் இருக்கும் வீடு, வேண்டாம் என்று வந்துவிட்டேன். அதே வருஷம் அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் வழியாக மட்டுமே அதை அடிக்கலாம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. இன்னொருவர் மல்ச்சிங் ஷீட், அதாவது களை வராமல் மண்ணை மூடும் பிளாஸ்டிக், விரிக்கச் சொன்னார். ஒரு சென்டுக்கு விரித்துப் பார்த்தோம். மற்ற களை அத்தனையும் அடங்கியது. கோரை மட்டும் ஊசி மாதிரி ஷீட்டைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. மூணாவது வாரம் பார்த்தால் ஷீட் சல்லடையாகிவிட்டிருந்தது.

மேலே பிடுங்குவதும் வீண். இலைதான் வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். ஒரு மாதம் தொடர்ந்து பிடுங்கியபிறகு, குழந்தைக்கு முடி வெட்டுகிற மாதிரி வெட்டிக்கொண்டிருக்கிறோம் என்று என் மனைவி சொன்னார். அன்றைக்கு நிறுத்தினோம்.

வெட்கத்தை விட்டு ஆத்தாவிடம் போய் நின்றேன். அவர் சொன்னது ரெண்டே விஷயம். "வெயில்ல கெடக்கோணும். இல்லாட்டி நெழல்ல கெடக்கோணும். நடுவால உட்டீனா அது உனக்கு முந்திக்கும் சாமி." வெயிலில் என்றால் கிழங்கு மண்ணுக்கு மேலே வந்து சுண்டக் காய வேண்டும். நிழல் என்றால் அதன் தலைக்கு மேலே வேறு ஒன்று அடர்ந்து நிற்க வேண்டும். கோரை வெயில் தின்று வளரும் பயிர், நிழலில் கிழங்கு வைக்காது. பார்த்தீனியத்துக்கு அடியில் நோஞ்சானாகக் கிடந்ததற்கு அதுதான் காரணம். நாங்கள் மெனக்கெட்டு அந்தக் குடையை எடுத்துவிட்டு வெயிலைக் காட்டியிருக்கிறோம்.

அவர் சொல்லாமல் விட்ட மூணாவது விஷயத்தை நாங்களாகக் கண்டுபிடித்தோம். 6 சென்டையும் ஒரே சமயத்தில் திருத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்குக் கண்டிப்பாக முடியாது. எவ்வளவு இடத்தை மூட முடியுமோ அவ்வளவைத் திறந்தால் போதும்.

ஒன்றரை சென்டாக நாலு துண்டு பிரித்தோம். முதல் துண்டை மண்வெட்டியால் கொத்தவில்லை, வெட்டு விழுந்தால் மறுபடி சரம் அறும். நாலு பல் வைத்த இரும்புக் கவையை மிதித்து இறக்கி, மண்ணைப் பாளம் பாளமாகப் புரட்டி, கையால் உதிர்த்து, சரத்தை இழுத்தோம். கிழங்கில் பெரும்பங்கு முக்கால் அடிக்குள்தான் இருந்தது. மேல்மண்ணைக் கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் போட்டுச் சலித்தோம். கேட்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஒன்றரை சென்டுக்கு நாலு ஞாயிறு ஆனது. ரெண்டு சாக்குக் கிழங்கு. வைகாசி வெயிலில் தார்ப்பாயில் பரப்பி ரெண்டு வாரம் காயப்போட்டதில் மிளகு மாதிரி சுருங்கியது. நாலைந்தை நட்டுப் பார்த்தோம், முளைக்கவில்லை.

ஆத்தா ஒரு வள்ளம் (தானியம் அளக்கும் பாத்திரம்) நிறையக் கிழங்கு கேட்டு வாங்கிப் போனார். கழுவி, காயவைத்து, பச்சைப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து அரைத்தால் குளியல் பொடி. பேத்திக்கு அனுப்புவாராம்.

மீதி நாலரை சென்டில் சும்மா இருக்கக்கூடாது என்று மூடி வைத்தோம். திருப்பூரில் எதற்குப் பஞ்சமோ, அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கிழிந்த பெட்டியை எடைக்குத்தான் போடுவார்கள். டேப்பை உரித்துவிட்டு ரெண்டு அடுக்காக, விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து, மேலே தென்னை மட்டையும் சோளத்தட்டும் போட்டோம். நனைந்து இளகிய இடத்தில் கோரை குத்திக்கொண்டுதான் வந்தது. ஆனால் வெளிறி, நூலாக. மூணு வாரத்துக்கு ஒரு தரம் வந்ததை மட்டும் எடுத்தோம். அந்த இடைவெளியைத் தாண்ட விட்டால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும், மேலே பார்த்துத் தெரியாது.

இதே யோசனையில் கட்டிங் வேஸ்ட்டையும் போட்டுப் பார்த்தேன். பனியன் துணிதானே, பஞ்சு, மக்கிவிடும் என்று நாலு மூட்டை கொண்டுவந்து பரப்பினேன். அதில் பாதி பாலியஸ்டர் கலப்பு என்பது மக்காதபோதுதான் தெரிந்தது. பஞ்செல்லாம் போய், வலை மாதிரி நூல் மட்டும் மண்ணில் பின்னிக் கிடந்தது. இப்போதும் கேரட் பிடுங்கினால் நீலக் கலரில் நூல் வருகிறது. நாள் முழுக்கத் துணி பார்க்கிற ஆளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆடியில் முதல் துண்டில் பசுந்தாள் உரப் பயிரான சணப்பு விதைத்தோம், பரிந்துரைக்கும் அளவைப்போல் ரெண்டு மடங்கு நெருக்கி. 45-ஆம் நாள் பூ எடுத்ததும் மடக்கி வெட்டி அதே இடத்தில் பரப்பினோம். அடியில் தரையைப் பார்த்தால் கோரை அங்கங்கே தலை காட்டி, மஞ்சளாகச் சோர்ந்திருந்தது. அதன்மேல் உடனே சக்கரைவள்ளிக் கொடியும் அரசாணியும் (பரங்கி) நட்டோம். இரண்டும் தரையை மூடும் சாதி. முதல் வருஷத்தில் கத்தரி, தக்காளி என்று ஆசைப்படாமல் இருந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். தக்காளி அடியில் வெயில் விழும், கோரைக்கு அது போதும்.

மண்

அந்த மண் ஒரு காலத்தில் பருத்தியும் சோளமும் விளைந்த மண்தான். லேஅவுட் போடும்போது மேல்மண்ணை ரோட்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள். எங்களுக்கு மிஞ்சியது செம்மண்ணும் சுக்கான்கல்லும். வெள்ளைக் கல் ஒன்றின்மேல் பாத்ரூம் கழுவும் ஆசிட் ரெண்டு சொட்டு விட்டால் சோடா மாதிரி பொங்கியது. கல்லில்லாத மண்ணும் லேசாகப் பொங்கியது. சுண்ணாம்பு.

'வி' மாதிரி முக்கால் அடிக்குக் குழி வெட்டி, பத்து இடத்தில் ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி, அரை கிலோவாகக் குறைத்து மண் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கார அமில நிலை 8.4 என்று வந்தது. கரிமச்சத்து குறைவு. ஜிப்சம் போடச் சொன்னார்கள் சிலர். ஜிப்சம் சோடியம் ஏறிய களர் மண்ணுக்கு மருந்து. சுண்ணாம்பு மண்ணில் ஏற்கெனவே கால்சியம் வேண்டிய மட்டும் கிடக்கிறது, அதில் ஜிப்சத்தைக் கொட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தக் காசுக்கு எரு வாங்கினோம்.

அந்த எருவிலும் ஒரு கோளாறு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பாதி மக்கின எருவை ஒரு டிப்பர் இறக்கினேன். அந்தக் குப்பைமேட்டைச் சுற்றிப் பார்த்தீனியம் பூத்து நின்றதை ஏற்றும்போதே பார்த்தேன், பார்த்தும் தோன்றவில்லை. ரெண்டு மழையில் எரு போட்ட இடமெல்லாம் பார்த்தீனியக் குஞ்சு. மக்காத எருவில் வண்டுப் புழுவும் வெள்ளை வெள்ளையாக இருந்தது. அதற்குப் பிறகு எரு வந்தால் ஈரம் காட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, மூணு மாதம் ஆறவிட்டுத்தான் பாத்திக்குப் போகிறது.

இரண்டாம் வருஷம் பொரியல் தட்டை (காராமணிக் காய்) போட்டபோது சுண்ணாம்பு தன் குணத்தைக் காட்டியது. நுனி இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக, கோலம் போட்ட மாதிரி. நைட்ரஜன் பற்றாக்குறை என்றால் அடி இலை முதலில் வெளுக்கும். நுனி வெளுத்தால் இரும்பு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண் நிறமே அதுதான். சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. மண்ணில் போட்டால் மறுபடி பூட்டிக்கொள்ளும் என்பதால் இலையில் கொடுக்க வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), அரை மூடி எலுமிச்சை. சாயங்காலம் தெளித்து, பத்து நாளில் இன்னொரு தரம். புதிதாக வந்த இலை பச்சையாகவே வந்தது.

பஞ்சகவ்யமும் அடிக்கிறோம், 100 லிட்டருக்கு 3 லிட்டர் கணக்கில். கொடுமுடி டாக்டர் நடராஜன் அதைப் பரப்பியதிலிருந்து எங்கள் பக்கம் அது இல்லாத தோட்டம் குறைவு. ஆத்தா வீட்டு மாட்டுச் சாணம், கோமியம். அதனால் எவ்வளவு, எருவால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாற்றத்துக்குக் கிழக்கு வீட்டுக்காரர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர், காற்று, மயில்

ஒரு சென்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டுமானால் 400 லிட்டர் சொச்சம் ஆகும். கோடையில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் போய்விடும் என்று வைத்தால், 6 சென்டுக்கும் தினம் 1200 லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் பங்குனி, சித்திரையில் ரெண்டு துண்டுக்கு மேல் பயிர் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். மற்ற ரெண்டும் மூடாக்குக்கு அடியில் தூங்கும்.

லேஅவுட் போர் தண்ணீர் உப்பு. சொட்டுநீர்க் குழாய் போட்டோம். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு நூறு சதவீத மானியம் கொடுக்கிறது, ஆனால் சைட்காரனுக்கு யார் சிறு விவசாயி சான்று தருவார்கள்? கைக்காசுதான். ஆறு மாதத்தில் துளையெல்லாம் வெள்ளை பூத்து அடைத்துக்கொண்டது. உப்பைக் கழுவித் தள்ள மழைத்தண்ணீர் வேண்டும். அங்கேதான் பாம்பு என்று போன் செய்தவர் உதவினார். அவர் மொட்டைமாடித் தண்ணீர் ரோட்டில் விழுந்து வீணாகிக்கொண்டிருந்தது. குழாயை எங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னார். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 900 லிட்டருக்கு மேல். ரெண்டு பழைய பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வைத்தோம். நாற்றுக்கும் கீரைக்கும் அந்தத் தண்ணீர், கத்தரிக்கும் முருங்கைக்கும் போர் தண்ணீர். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கி, பவானி உபரிநீர் 1045 குளம் குட்டைகளுக்குப் போவதாக ஏற்பாடு ஆனபிறகு, ஆத்தா தன் கிணற்றைத் தினமும் எட்டிப் பார்க்கிறார். ஒரு படி ஏறியிருக்கிறது என்பார், இறங்கிவிட்டது என்பார்.

காற்றைப் பற்றி ரெண்டு வரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றுக்கு மூங்கில் பந்தல் தாங்காது. முதல் பீர்க்கம்பந்தல் அப்படியே கிழக்கு வீட்டு கேட்டில் போய்ச் சாய்ந்தது. இப்போது மேற்கு ஓரம் முழுக்க அகத்தியும் நடுவில் சோளமும் நிற்கிறது. கொடிக்காய் எல்லாம் புரட்டாசிக்குப் பிறகுதான்.

மேற்கே இருக்கும் சைட் இன்னொரு தலைவலி. அதே காற்று அங்கிருக்கும் பார்த்தீனிய விதையை வாரிக்கொண்டு வந்து போடும். உரிமையாளர் வெளிநாட்டில். நம்பர் பிடித்துப் பேசி, பூக்கும் முன்னால் நாங்களே வெட்டிக்கொள்கிறோம் என்று அனுமதி வாங்கினோம். நம் நிலத்தில் செய்ததைவிட அந்த ரெண்டு மணி நேர வேலைக்குப் பலன் அதிகம்.

மயிலுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. கோவை, திருப்பூர் பக்கம் விவசாயம் செய்கிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் அதற்கு முழுப் பாதுகாப்பு, கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. பழுக்கிற தக்காளியை ஒவ்வொரு கொத்து கொத்திவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒரே பழத்தைத் தின்று தொலைத்தால் கூட மனசு ஆறும். பழைய சேலையைச் சுற்றிக் கட்டினோம், ஒரு மாதம் பயந்தது. இப்போது தக்காளிப் பாத்திக்கு மட்டும் மேலேயும் சேர்த்து மீன்வலை.

கணக்கு

மூணாம் வருஷத்திலிருந்துதான் இதைத் தோட்டம் என்று சொல்லலாம். புளியம்பூ கத்தரி, பிகேஎம் 1 தக்காளி, வெண்டை, கொத்தவரை, பொரியல் தட்டை, சின்ன வெங்காயம், ஓரத்தில் முருங்கை. கீரைக்குத் தனியே பாத்தி போடுவதில்லை. மண் கொஞ்சம் தேறியதும் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் சுக்குட்டியும் (மணத்தக்காளி) தானாக வந்தன. களை எடுக்கும்போது ஒரு பை நிறைந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை உருளைக்கிழங்கும் கோஸும் தவிர காய் வாங்குவதில்லை. கோடையில் பாதி வாங்குகிறோம். போட்ட காசை, ஆள்கூலி, குழாய், தொட்டி, எரு, டிராக்டர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், உழவர் சந்தையில் பத்து வருஷம் காய் வாங்கியிருக்கலாம் என்று மச்சான் சொல்கிறார். அவர் சொல்வது கொஞ்சம் கூடுதல், ரொம்பக் கூடுதல் இல்லை. டிராக்டர் ஓட்டாமல், கட்டிங் வேஸ்ட் போடாமல், பச்சை எரு இறக்காமல் இருந்திருந்தால் செலவு பாதியாகியிருக்கும். ஒரு வருஷமும் மிச்சம்.

நாலாவது துண்டு, வடமேற்கு மூலை, இன்னும் சரியாகவில்லை. சுண்ணாம்பு பூசிய கருவேலங்கட்டை அங்கேதான் இருக்கிறது, அதைச் சுற்றிக் கவை இறங்காது, கோரை அதற்குள் பத்திரமாக இருக்கிறது. போன சித்திரையில் ஆத்தா சின்ன வள்ளத்தோடு வந்து நின்றார், பேத்திக்குப் பொடி அரைக்க. நானும் அவரும் அந்த மூலையில் உட்கார்ந்து கிளறிப் பார்த்தோம். அரைப்படி கூடத் தேறவில்லை.

"என்ன கண்ணு இது," என்றார், கிழங்கை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "எனக்குன்னு ஒரு பாத்தி உட்டு வெச்சிருக்கலாமல்லொ?"